ஃபேண்டஸி கேம்களில் பெண் பாத்திரங்களின் உடலமைப்பு ஏன் இப்படி இருக்கிறது? வரைபவர்களுக்கு உடற்கூறு தெரியாதா?

தெரியும். தெரிந்துதான் செய்கிறோம். சென்னை ஓ.எம்.ஆரில், வெளிநாட்டு கேம்களுக்கு கேரக்டர் மாடல், அதாவது பாத்திரங்களின் முப்பரிமாண உருவம், செய்து கொடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். இதே மாதிரி ஒரு கேள்வியை என் அம்மாவே கேட்டிருக்கிறார். அது கடைசியில்.

மூன்று வருடம் முன்பு எனக்கு ஒரு வாள்வீராங்கனை வந்தாள். பாத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று கிளையன்ட் வரைந்து அனுப்பும் கான்செப்ட் படத்தில் அவள் உயரம் எட்டரைத் தலை. தலையின் உயரத்தை அளவுகோலாக வைத்து உடம்பை எண்ணுவது ஓவியர்களின் பழக்கம். சராசரி ஆள் ஏழு, ஏழரைத் தலை இருப்பார். வீரர்களை எட்டு வரை இழுப்பார்கள். எட்டரையைக்கூட விட்டுவிடலாம். முன்னால் இருந்து பார்த்தால் அவள் இடுப்பின் அகலமும் தலையின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. மாடலுக்குள் ஒரு எலும்புக்கூட்டைப் பொருத்திப் பார்த்தேன். கடைசி விலா எலும்புகள் தோலைத் துளைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வெளியே நின்றன. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இவளுக்குக் கல்லீரலை எங்கே வைப்பது?" என்று எழுதி கிளையன்ட்டுக்கு அனுப்பினேன். சிரிப்பு எமோஜி ஒன்று பதிலாக வந்தது. இடுப்பு அப்படியே இருந்தது.

இதில் ரசனை பாதி, செலவு பாதி. ரசனை எல்லோருக்கும் தெரிந்த கதை; வாங்குபவர்கள் ஆண்கள்தான் என்று நினைத்துச் செய்த கேம்கள் நிறைய. செலவைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஒரு கேமில் அறுபது கவசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் ஒன்று, பெண் ஒன்று என இரண்டு உடம்பு இருந்தால் நூற்றிருபது முறை அளவெடுத்துத் தைத்த மாதிரி. பருத்த பெண் ஒருத்தி, முதிய பெண் ஒருத்தி சேர்த்தால் இருநூற்று நாற்பது. ஒவ்வொன்றிலும் குனிந்தால், ஓடினால் தோள்பட்டை கவசத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வராமல் பார்க்க வேண்டும். அதனால் முதலில் வெட்டுப்படுவது பெண்களின் வகைகள்தான். ஆண்களில் குள்ளன், பூதம், தொப்பைக் கொல்லன் எல்லாம் தப்பித்துவிடுகிறார்கள். அரசி, சூனியக்காரி, திருடி, போராளி நான்கு பேருக்கும் ஒரே உடம்பு. தலையை மட்டும் மாற்றிச் சொருகியிருப்போம்.

மனசு வைத்தால் முடியாததில்லை. 2011-ல் வந்த ஸ்கைரிம் என்ற கேமில் உடல் எடைக்கு ஒரு ஸ்லைடர் உண்டு. உள்ளே இருப்பது ஒல்லி ஒன்று, தடி ஒன்று என இரண்டே மாடல். நடுவில் உள்ளதெல்லாம் இரண்டின் கலவை. (அதிலும் ரசிகர்கள் செய்து சுற்றுக்கு விட்ட பெண் உடம்புகளைப் பார்த்தால், கம்பெனிகளை மட்டும் குறை சொல்ல வாய் வராது.) 2012-ல் வந்த டிராகன்ஸ் டாக்மா இன்னும் ஒரு படி மேல்: கனமான ஆள் அதிகம் சுமப்பார், குட்டையான ஆள் சின்னப் பொந்துக்குள் நுழைவார். உடம்புக்கு ஆட்டத்தில் ஒரு வேலை இருந்தது. பால்டர்ஸ் கேட் 3-ல் மனிதப் பாத்திரத்துக்கு நான்கு உடலமைப்புகள் கொடுத்தார்கள். நான்கும் கட்டுக்கோப்பான உடம்பு என்பது வேறு விஷயம்.

"நம் சிற்பங்களில் மட்டும் என்னவாம், துடியிடைதானே?" என்று ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். உடுக்கையின் நடுப்பகுதியை இடுப்புக்கு உவமை சொன்ன ஊர் இது. ஒரு சனிக்கிழமை அவனை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். (வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.) வெண்கலக் கூடத்தில் பார்வதி முன்னால் கையை நீட்டி, பென்சிலைப் பிடித்து அளந்தோம். காவலர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிற்ப சாஸ்திரத்தில் சிலையின் உயரத்துக்குத் தாளம்தான் அளவு; தசதாளம் என்றால் பத்துத் தாளம். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாளம், 120 அங்குலம். இந்த அங்குலம் நம் டேப்பில் இருப்பதல்ல, சிலையின் உயரத்தையே வகுத்து எடுப்பது. தாளமும் முழுத் தலையல்ல, கிட்டத்தட்ட முகத்தின் நீளம். பத்துத் தாளம் என்றதும் பத்துத் தலை உயரம் என்று அவன் குதித்தான். அளந்த பிறகு அடங்கிவிட்டான்.

இடை சிறியதுதான், மார்பு பெரியதுதான். ஆனால் திரும்பி நடராஜரைப் பார்த்தால் அவருக்கும் இடுப்பு ஒடுங்கித்தான் இருக்கிறது, வயிற்றில் ஒரு கட்டுத் தசை கிடையாது. மிகை இரண்டு பேருக்கும் பொது. இன்னொன்று, அதே சிற்ப மரபில்தான் தொந்தியும் சரிந்த மார்புமாய் உட்கார்ந்திருக்கும் தவ்வை, அதாவது மூதேவி, இருக்கிறாள். விலா எலும்பு தெரிய, வற்றிய மார்போடு தாளம் போடும் காரைக்கால் அம்மையார் இருக்கிறார். துடியிடை என்பது அங்கே பல அச்சுகளில் ஒன்று. எனக்கு வந்த கான்செப்ட் படங்களில் தவ்வையை இதுவரை நான் பார்த்ததில்லை. பேயாக வரும் பெண்ணுக்குக்கூட அதே இடுப்புதான் கேட்பார்கள்.

வீராங்கனைக்கு வருவோம். இடுப்பில் தோற்ற பிறகு, கையிலாவது ஜெயிக்கலாம் என்று பார்த்தேன். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் எங்கள் தெருவுக்கு லாரி வரும்போது நான் எடுத்த போட்டோக்கள் இருந்தன. பிளாஸ்டிக் குடம் ஒன்று நிறைந்தால் சுமார் 15 கிலோ. அதை இடுப்பில் ஏற்றும் நொடியில் அந்தப் பக்கத்து இடுப்பு வெளியே தள்ளும், எதிர்த் தோள் இறங்கும், குடத்தின் கழுத்தைப் பிடித்த முன்கையில் இரண்டு தசை கயிறு மாதிரி எழும். பக்கத்து வீட்டு அக்காவின் முன்கையை அப்படியே மாடலில் இறக்கினேன். நிஜமான நீள வாள் ஒன்றரை கிலோ அளவுதான் இருக்கும். கதவு அகலத்துக்கு வாளைத் தூக்கும் எங்கள் நாயகிக்கு அக்காவின் கைதான் பொருத்தம். அது ஒரே சுற்றில் ஓகே ஆனது. கையை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அனிமேஷன் குழுவிலிருந்து அலறல். அவள் வாளைச் சுழற்றி இடுப்பைத் திருப்பும்போதெல்லாம் நடுவில் உடம்பு சாக்லேட் தாளை முறுக்கினாற்போல் சுருங்கி, கிட்டத்தட்ட இல்லாமலே போனது. இது தெரிந்த கோளாறுதான். முறுக்கும்போது அந்த இடத்தில் சுற்றளவு குறையும். ஆரம்பத்திலேயே ஒல்லியாக இருந்தால் குறைவதற்கு ஒன்றும் மிஞ்சாது. உடனே கிளையன்ட்டிடமிருந்து மெயில்: இடுப்பை அகலப்படுத்தவும், அவசரம். கல்லீரலுக்கு இடம் கேட்டபோது சிரித்த அதே ஆள்தான் அனுப்பியிருந்தார். ஒரே மதியத்தில் முடித்துக் கொடுத்தேன்.

கேம் வந்ததும் அம்மாவுக்கு போனில் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கை நல்லா இருக்கு, யாரையோ பாத்த மாதிரி இருக்கு" என்றார். அப்புறம், "இந்தச் செருப்போட இவ எப்படிடி மலை ஏறுவா?" என்றார்.

ஹீல்ஸைப் பற்றி அனிமேஷன் குழுவிடமிருந்து இன்னும் புகார் வரவில்லை.