பாஸ்டனின் பழைய பேஸ்பால் மைதானங்கள்: நீங்கள் கேட்டவை

கேள்வி: அண்ணா, பாஸ்டனில் முதல் பேஸ்பால் மைதானம் ஃபென்வே பார்க்தானா?

இல்லை தம்பி, அது ரொம்பப் பிந்தியது, திறந்தது 1912 ஏப்ரலில். சம்பளத்துக்கு ஆடும் அணி 1871-லேயே சவுத் எண்ட் கிரவுண்ட்ஸில் ஆட ஆரம்பித்துவிட்டது. அந்த அணிக்கு அப்போது ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்று பெயர். பெயரைப் பார்த்து இன்றைய ரெட் சாக்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் பின்னால் பிரேவ்ஸ் ஆகி, ஊர் மாறி மாறி இப்போது அட்லாண்டாவில் இருக்கிறார்கள். ரெட் சாக்ஸ் 1901-ல் வந்த வேறு அணி.

கேள்வி: அந்த மைதானம் ஆட்டம் நடக்கும்போதே எரிந்துவிட்டதாமே?

ஆமாம், 1894 மே 15. பால்டிமோர் அணியோடு ஆட்டம், மூன்றாவது இன்னிங்ஸ். வலது பக்கம் மலிவு டிக்கெட் பெஞ்சுகளுக்கு அடியில் கிடந்த குப்பையில் தீப்பிடித்தது. முழுக்க மரம், அதுவும் 1888-ல் ஊசிக் கோபுரங்களோடு அரண்மனை மாதிரி கட்டிய இரண்டடுக்குப் பார்வையாளர் கூடம், நகரமே பெருமைப்பட்ட ஒன்று. காற்று வேறு அடித்ததால் தீ மைதானத்தோடு நிற்காமல் ராக்ஸ்பரி பகுதிக்குள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தின்றது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். இதில் எனக்கு எரிச்சலூட்டும் விஷயம், கூடத்தின் மதிப்புக்கு ஏற்ற காப்பீடு எடுக்காமல் விட்டிருந்தார்கள். அதனால் திரும்பக் கட்டியது சின்னதாக, ஒரே அடுக்கில்தான். பழைய கோபுரங்கள் போனது போனதுதான்.

கேள்வி: கட்டி முடிக்கும்வரை எங்கே ஆடினார்கள்?

துறைமுகம் பக்கம் காங்கிரஸ் ஸ்ட்ரீட் கிரவுண்ட்ஸில். 1890-ல் ஆட்டக்காரர்களே தொடங்கிய லீக்குக்காகக் கட்டியது, லீக் ஒரே சீசனில் படுத்துவிட்டது. இடது பக்க வேலி ரொம்பக் கிட்டத்தில் இருக்கும். தீ விபத்து நடந்து இரண்டு வாரத்தில், மே 30 அன்று, இந்த அணியின் பாபி லோ அங்கே ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி, நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார், பெரிய லீக்குகளில் அதுதான் முதல் தடவை. ஜனங்கள் வெள்ளிக் காசுகளை மைதானத்துக்குள் வீசியிருக்கிறார்கள். வேலி தள்ளி இருந்திருந்தால் நான்கும் போயிருக்குமா என்று கேட்காதீர்கள், எனக்கும் சந்தேகம்தான்.

கேள்வி: நான் பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன் அண்ணா. கேம்பஸுக்குள் பழைய பந்துவீச்சாளர் சை யங் சிலை ஏன்?

நீங்கள் தினமும் நடப்பதே ஹண்டிங்டன் அவென்யூ கிரவுண்ட்ஸ் மேல்தான். ரெட் சாக்ஸின் முதல் வீடு, 1901 முதல் 1911 வரை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சவுத் எண்ட், இந்தப் பக்கம் இது, வேண்டுமென்றே எதிரே போய்க் கடை விரித்தார்கள். அங்கே டிக்கெட் 50 சென்ட் என்றால் இங்கே 25. கூட்டம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1903 அக்டோபர் 1 அன்று முதல் வேர்ல்ட் சீரிஸின் (இரண்டு பெரிய லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் தொடர்) முதல் ஆட்டம் இங்கேதான், பந்து வீசியது சை யங், பிட்ஸ்பர்க்கிடம் 7-3 என்று தோற்றார்கள், ஆனால் சீரிஸை 5-3 என்ற ஆட்டக் கணக்கில் ஜெயித்தார்கள். அடுத்த வருடம் மே 5-ல் எதிரணியில் ஒருத்தரைக்கூட பேஸுக்கு (ஓடித் தொட வேண்டிய முனை) விடாமல் முழு ஆட்டம் வீசினார் சை யங். சிலை நிற்பது அவர் நின்று வீசிய இடத்தில். ஹோம் பிளேட் (மட்டையடிப்பவர் நிற்கும் இடம்) இருந்த இடத்திலும் அடையாளம் பதித்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். நடு மைதானத்தில் ஒரு கருவிக் கொட்டகை இருந்தது, பந்து அதில் பட்டாலும் ஆட்டம் தொடரும்.

கேள்வி: மரத்தை எப்போது விட்டார்கள்?

1909-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க் மைதானம் இரும்பும் கான்கிரீட்டுமாக வந்ததும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபென்வேயும் அப்படித்தான். அதன் இடது சுவர் கிட்ட இருப்பதற்குக் காரணம் பின்னாலேயே லேன்ஸ்டௌன் தெரு. பழைய மைதானங்களின் வடிவத்தைத் தீர்மானித்தது விளையாட்டு விதியல்ல, பக்கத்து மனையும் தெருவும்தான்.

கேள்வி: பிரேவ்ஸ் கடைசிவரை சவுத் எண்டிலா?

1914-ல் அங்கிருந்து கிளம்பினார்கள். அந்த வருட வேர்ல்ட் சீரிஸை ஃபென்வேயில் இரவல் வாங்கி ஆடினார்கள். 1915-ல் 40,000 பேர் உட்காரும் பிரேவ்ஸ் ஃபீல்ட் வந்ததும் கதை தலைகீழ், 1915, 1916 இரண்டு வருடமும் ரெட் சாக்ஸ் தங்கள் வேர்ல்ட் சீரிஸை அங்கே போய் ஆடினார்கள். 1920 மே 1-ல் அங்கேதான் புரூக்ளின் அணியோடு 26 இன்னிங்ஸ் (வழக்கம் ஒன்பதுதான்) ஆடி 1-1 என்று இருட்டில் நிறுத்தினார்கள், ஒவ்வொரு அணிக்கும் முதலிலிருந்து கடைசிவரை பந்து வீசியது ஒரே ஆள்தான்.

கேள்வி: மிச்சம் ஏதாவது பார்க்கலாமா சார்?

பார்க்கலாம். நகர ரயிலின் ஆரஞ்சு லைனில் ரகிள்ஸ் நிலையத்தில் இறங்குங்கள், சவுத் எண்ட் மைதானம் இருந்தது அங்கேதான். அப்படியே கேம்பஸுக்குள் சிலை, அப்புறம் ஃபென்வேக்கு நடக்கும் தூரம். பிரேவ்ஸ் ஃபீல்டுக்கு கிரீன் லைன் பி பிடிக்க வேண்டும். இப்போது நிக்கர்சன் ஃபீல்ட், பாஸ்டன் பல்கலைக்கழகத்துடையது. வலது பக்கத்துப் பழைய பார்வையாளர் கூடத்தின் ஒரு பகுதியில் இன்னும் உட்கார்ந்து மேட்ச் பார்க்கலாம்.