ஒரு 'செக்', பல பொருள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சதுரங்கத்தில் வைப்பதும் செக், சரிபார்ப்பதும் செக், வங்கியில் போடுவதும் செக். மூன்றும் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா' என்று குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் அரபு வழியாக ஐரோப்பா போய், பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' என்றும் ஆங்கிலத்தில் 'செக்' என்றும் ஆனது. ராஜாவுக்கு ஆபத்து என்றால் மற்ற காய்களை இஷ்டப்படி நகர்த்த முடியாதல்லவா? அதிலிருந்து தடை என்ற பொருள். பிறகு கட்டுப்பாடு, சரிபார்ப்பு. வங்கி செக்கும் மோசடியைத் தடுக்க வந்ததே. முதலில் சரிபார்ப்பதற்காக வைத்துக்கொள்ளும் அடிக்கட்டைக்குத்தான் அந்தப் பெயர். பின்னர் தாளுக்கே ஒட்டிக்கொண்டது.

கேள்வி: பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் 'எக்ஸ்செக்கர்' வருகிறதே?

எனக்கு மிகவும் பிடித்த கிளை இது. நார்மன் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சதுரங்கப் பலகை என்று பொருள். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அரசனுக்குச் சேரவேண்டிய பணத்துக்கு ஷெரீஃப்கள் (வட்டாரங்களில் அரசனின் அதிகாரிகள்) வந்து கணக்குக் காட்டவேண்டும். பத்தடி நீளம், ஐந்தடி அகலமுள்ள மேசையில் சதுரங்கப் பலகைபோல் கோடு போட்ட துணியை விரித்து, பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று பத்தி பிரித்து, வில்லைகளை நகர்த்திக் கூட்டுவார்கள். எழுத்தறியாதவரும் கண்ணால் பார்த்தே கணக்கைத் தொடரலாம். இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். பொருளாளரும் ஷெரீஃபும் எதிரெதிரே மோதும் ஆட்டமாகவே அதை அவர் காண்கிறார். மேசையின் பெயர் அலுவலகத்துக்கும், அங்கிருந்து பதவிக்கும் வந்தது. வங்கி செக்கைப் பிரிட்டிஷார் 'க்யூ' சேர்த்து எழுதுவதற்கும் எக்ஸ்செக்கரின் எழுத்துக்கூட்டலே தூண்டுதல். அமெரிக்கர்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள். ஹோட்டல் பில்லும் அவர்களுக்கு 'செக்'தான்.

கேள்வி: 'செக்மேட்' என்றால் 'அரசன் இறந்தான்' என்பது சரியா?

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான் என்பதால் வந்த விளக்கம் அது. பாரசீகத்திலோ 'மாத்' என்பது செய்வதறியாது திகைத்து நிற்பது. எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. போக வழியில்லாமல் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

கேள்வி: கட்டம் போட்ட சட்டையை 'செக்டு' என்பது?

அதே சதுரங்கப் பலகையின் கட்டங்கள்தான்.

கேள்வி: செக் குடியரசு? எண்ணெய்ச் செக்கு?

இரண்டுக்கும் தொடர்பில்லை. முன்னது அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். பின்னது நம் சொல்.