கம்பெனியும் ஓர் ஆளா? வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: கம்பெனிக்கு உடலும் இல்லை, உயிரும் இல்லை. சட்டம் அதை ஏன் 'நபர்' என்கிறது ஐயா?

பதில்: பத்திரம் பதிய, வழக்குத் தொடுக்க ஒரு பெயர் வேண்டும். பங்குதாரர் ஒருவர் காலமாகும்போதெல்லாம் நிலப் பத்திரத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்க முடியாது. சட்டங்களில் வரும் சொற்களுக்குப் பொருள் சொல்லும், 1897-இல் வந்த ஜெனரல் கிளாஸஸ் சட்டமே 'நபர்' என்ற சொல்லுக்குள் கம்பெனியையும் சேர்த்துவிட்டது. இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: நான் நூல் சப்ளை செய்த பிரைவேட் லிமிடெட் கம்பெனி திவாலாகிவிட்டது. முதலாளி வசதியாகத்தான் இருக்கிறார். அவரிடம் வசூலிக்க முடியாதா?

பதில்: பொதுவாக முடியாது. லண்டனில் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரி தன் தொழிலையே கம்பெனியாக மாற்றினார். மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு. 20,001 பங்குகள் அவருக்கு. தொழில் நொடித்தது. கடன் கொடுத்தவர்களுக்காக வழக்கு வந்தபோது, கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று 1896-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்களும் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடந்தது என்று பில், சலான் கொண்டு காட்ட முடிந்தால் முதலாளியையே பொறுப்பாக்கலாம். முதலில், கம்பெனியை மூடிக் கணக்குத் தீர்க்கும் லிக்விடேட்டரிடம் உங்கள் பாக்கியைப் பதிவு செய்யுங்கள். கெடு தாண்ட விடாதீர்கள். இனி சரக்கு அனுப்பும் முன் முதலாளியின் சொந்த ஜாமீனைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கோயில் சாமியும் சட்டப்படி நபர்தானே? கம்பெனி மட்டும் என்ன பாவம் செய்தது?

பதில்: பத்தூர் நடராசர் வழக்கைச் சொல்கிறேன். 1976-இல் மண்ணுக்கடியில் கிடைத்த செப்புத் திருமேனி, கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. கனடாக் கம்பெனி ஒன்று அதை விலைக்கு வாங்கியது. போலீஸ் கைப்பற்றியதும் கம்பெனி நீதிமன்றம் போனது. எதிரே நின்றது, இடிந்து கிடந்த பத்தூர்ச் சிவன் கோயில்! அதற்காகப் பேசியவர், கோயில் நிர்வாகத்துக்கு நியமிக்கப்பட்ட தக்கார். இரு தரப்பிலும் மனிதரல்லாத நபர். 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோயிலுக்கே உரிமை என்றது. நடராசர் தமிழ்நாடு திரும்பினார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் இறைவனைச் சட்டம் மைனரைப் போலத்தான் பார்க்கிறது. தானாகப் பேச முடியாதவரின் சொத்தைக் காப்பதற்காகத் தந்த தகுதி அது. கம்பெனிக்காகப் பேசவோ சம்பளக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

கேள்வி: ஆள் என்றால் சிறைக்கும் போக வேண்டாமா?

பதில்: சிறைத்தண்டனை கட்டாயமான குற்றத்திலும் கம்பெனி மீது வழக்கு நடத்தலாம், அபராதம் மட்டும் விதிக்கலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. போபால் விஷவாயு வழக்கில் 2010-இல் யூனியன் கார்பைடு இந்தியா கம்பெனிக்கு விதித்த அபராதம் சுமார் 5 லட்சம் ரூபாய். எழுதவே கை கூசுகிறது.

கேள்வி: அமெரிக்காவில் கம்பெனிக்குப் பேச்சுரிமை உண்டாமே?

பதில்: உண்டு. 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறு பக்கம். வேட்பாளரோடு சேராமல், தேர்தல் பிரசாரத்துக்குக் கம்பெனி எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்றானது. இங்கே கம்பெனி குடிமகன் அல்ல என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும், மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்றிருந்த கட்சி நன்கொடை வரம்பை 2017-இல் சட்டத்தைத் திருத்தி எடுத்தார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூடக் கட்சிக்குப் பணம் கொடுக்கலாம் என்றானது! ஓட்டே இல்லாத ஒன்று ஓட்டுப் போடுகிறவரைவிட உரக்கப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று, பெயர் வெளியாகாமல் கட்சிக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்கள் பற்றிய தீர்ப்பில், அந்தத் திருத்தத்தையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.