கேளுங்கள்: தாத்தாவின் பத்திரமும் டெல்லிக் காப்பகமும்

கேள்வி: மார்ச் 11, தேசிய ஆவணக் காப்பகத்தின் நிறுவன நாள். கண்காட்சிக்குப் போகும்போது தாத்தாவின் தஞ்சாவூர் நிலப் பத்திரத்தையும் அங்கே தேடலாமா?
– வாசகி, கரோல் பாக், டெல்லி

பதில்: கண்காட்சியைப் பாருங்கள், பத்திரம் கிடைக்காது. 1891-இல் கல்கத்தாவில் இம்பீரியல் ரெக்கார்ட் டிபார்ட்மெண்ட்டாகத் தொடங்கி, பின்னர் தலைநகரோடு டெல்லிக்கு இடம்பெயர்ந்த இந்தக் காப்பகம் மத்திய அரசின் கோப்புகளுக்கானது. பதிவான பத்திரத்தின் நகலுக்கு அந்த ஊர் சார்பதிவாளர் அலுவலகம். சென்னை மாகாண வருவாய்க் கோப்புகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

தாத்தா மத்திய அரசுப் பணியில் இருந்தவரா? அப்படியானால் ஜன்பத்தில் உள்ள தேசியக் காப்பகத்துக்குப் போகுமுன் அதன் 'அபிலேக் படல்' இணையதளத்தில் தேடுங்கள். ஊர்ப்பெயரை இன்றைய எழுத்தில் மட்டும் போட்டால் பாதிக் கோப்புகள் கண்ணில் படாது. வெள்ளைக்காரன் எழுதிய 'Tanjore' என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலையும் போடுங்கள். துறை, கிளை, ஆண்டு, கோப்பு எண் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தாலும் கோப்பை எடுத்துத் தருவது கஷ்டம்.