கேட்ஸ்பியும் இரவல் கோட்டும்

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்கு ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவல் பாடம். கேட்ஸ்பியின் பழைய காதலி டெய்சி குற்றவாளியா இல்லையா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தீர்ப்புச் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

குற்றவாளிதான். கேட்ஸ்பியின் மஞ்சள் காரை ஓட்டி, தன் புருஷன் டாமின் கள்ளக்காதலி மிர்ட்டிலை அடித்துப் போட்டவள் அவள். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட கேட்ஸ்பி சுடப்பட்டுச் செத்தபோது ஒரு பூகூட அனுப்பாமல் புருஷனோடு ஊரைவிட்டுப் போனவளும் அவளே. ஆனால் உங்கள் வகுப்பு டாமை எப்படித் தப்பவிட்டது? பையில் துப்பாக்கியோடு வந்து நிற்கும் மிர்ட்டிலின் புருஷன் வில்சனிடம், அந்தக் கார் கேட்ஸ்பியுடையது என்று கைகாட்டியவன் அவன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பச்சைப்பிள்ளையா?

டெய்சிக்குச் சாதகமாக ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு கடிதத்தைக் கையில் கசக்கிப் பிடித்தபடி குடித்துவிட்டுக் கிடக்கிறாள். டாம் தந்த மூன்றரை லட்சம் டாலர் முத்துமாலை குப்பைக்கூடைக்குப் போகிறது. ‘மனசு மாறிட்டேன்னு போய்ச் சொல்லுங்க’ என்று அழுகிறாள். குளிர்ந்த தண்ணீரில் உட்காரவைத்துத் தெளியவைக்கிறார்கள். அரைமணி நேரத்தில் மாலை கழுத்தில் ஏறிவிடுகிறது. அந்த அரைமணி நேரத்துக்காக, நானாக இருந்தால் அவளுக்கு இரண்டு மதிப்பெண் கூடப் போடுவேன். பாஸ் மட்டும் கிடையாது.

கேள்வி: கேட்ஸ்பிக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? கதையில் தெளிவாக இல்லையே!
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பொள்ளாச்சி

வங்கிக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். ஃபிட்ஸ்ஜெரால்டு வேண்டுமென்றே அரைகுறையாகக் காட்டுகிறார். கதை நடப்பது 1922 கோடையில். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. ஆனால் மருத்துவர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாம். அந்த ஓட்டை வழியாக எத்தனையோ பேர் பணக்காரர்கள் ஆனார்கள். கேட்ஸ்பியும் அவன் கூட்டாளி வுல்ஃப்ஷைமும் மருந்துக்கடைகளை வாங்கிப்போட்டுச் சாராயம் விற்றதை டாம் எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறான். போதாததற்குக் கள்ளக் கடன்பத்திர விவகாரம் வேறு. 1919 பேஸ்பால் இறுதித் தொடரில் சிகாகோ ஆட்டக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு தோற்றது நிஜமாகவே நடந்த ஊழல். அதன் பின்னால் இருந்ததாகப் பேசப்பட்ட சூதாட்டக்காரர் ஆர்னால்ட் ராத்ஸ்டீனின் சாயல்தான் வுல்ஃப்ஷைம்.

ஆனால் சார், டாமின் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இதுவரை ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை. அப்பன் பாட்டன் சொத்தென்றால் கணக்குக் கேட்கக்கூடாது போலிருக்கிறது.

கேள்வி: நாவல் வந்த புதிதில் நன்றாக விற்றதா?
– வாசகர், மதுரை

சுமார்தான். 1925 ஏப்ரலில் வெளிவந்தது. பிழைப்புக்கு ஹாலிவுட் போன ஃபிட்ஸ்ஜெரால்டு 1940 டிசம்பரில், 44 வயதில் இறந்தார். அதன்பிறகுதான், இரண்டாம் உலகப் போரின்போது, ராணுவத்தினருக்கென்று ஒன்றரை லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள்; நாவல் பரவலானது அப்படித்தான்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த பாத்திரம்? கதையைச் சொல்லும் நிக் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

சொல்லமாட்டேன். தான் நேர்மையானவன் என்று தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக்கொள்பவனோடு எனக்கு ஒத்துவராது. என் ஓட்டு, சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் வில்சனுக்கு. யாரோ ஒருவருடைய நல்ல கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டவன். கட்டிக்கொண்டவளிடம் அதைச் சொல்லவுமில்லை. அவன் வெளியே போயிருந்த நாளில் கோட்டுக்காரன் வந்து நிற்கிறான். கொடுத்தனுப்பிவிட்டு மத்தியானம் முழுக்கப் படுத்து அழுதேன் என்கிறாள் மிர்ட்டில். பிறகு ரயிலில் டாமைப் பார்த்து மயங்கிய கதையைச் சொல்லும்போதும் உடுப்பிலிருந்துதான் தொடங்குகிறாள்: விருந்துக்குப் போடும் கோட்டு சூட்டு, பளபளக்கும் தோல் ஷூ. அவன் முகம் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது!

வில்சன் டாமிடம் கேட்பதெல்லாம் ஒரு பழைய காரை. விற்றுவரும் காசில் மனைவியைக் கூட்டிக்கொண்டு மேற்கே போய்விடலாம் என்று கணக்கு. மாதக்கணக்கில் இழுத்தடித்த டாம் ஒருநாள், ‘நாளை மத்தியானம் அனுப்புகிறேன்’ என்கிறான். அன்று சாயங்காலமே மிர்ட்டில் செத்துப்போகிறாள்.

தேர்வில் எல்லாரும், கேட்ஸ்பி இரவில் பார்த்து ஏங்கும் டெய்சி வீட்டுப் பச்சை விளக்கைப் பற்றி எழுதுவார்கள். பாளையங்கோட்டைப் பெண்ணே, நீ இந்த இரவல் கோட்டைப் பற்றி எழுது. விடைத்தாள் திருத்துகிறவருக்குத் தூக்கமாவது கலையும்.