இழுத்த மூச்சு தண்ணீராகிறது

கேள்வி: என் தாயாருக்கு 61 வயது. சில மாதங்களாக ஓயாத சோர்வு. மாடிப்படி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறார். ஆக்சிஜன் ஏற்றிய தண்ணீர் என்று கடையில் விற்கிறார்களே, அதைத் தினமும் ஒரு பாட்டில் வாங்கித் தருகிறேன். செல்கள் ஆக்சிஜனைக் கொண்டுதான் ஆற்றலை உண்டாக்குகின்றன என்று மகனின் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் கூடினால் ஆற்றலும் கூடத்தானே வேண்டும்?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: இல்லை, அப்படி ஆற்றல் கூடுவதில்லை. அந்தப் பாட்டிலுக்குச் செலவழிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

உங்கள் தாயார் ஒரு மூச்சில் இழுக்கும் அரை லிட்டர் காற்றில் ஏறக்குறைய 100 மில்லி ஆக்சிஜன் இருக்கிறது. திறந்து வைத்த சாதாரணத் தண்ணீரில் லிட்டருக்கு 6 மில்லி அளவில்தான் கரைந்திருக்கும். அழுத்தி ஏற்றிய பாட்டிலில் பல மடங்கு இருந்தாலும், மொத்தத்தில் அது ஒன்றிரண்டு மூச்சுக்கு ஈடாகும். அதுவும் போவது இரைப்பைக்கு, நுரையீரலுக்கு அல்ல.

ஆனால் விற்பவரின் கணக்கைவிட, "ஆக்சிஜன் கூடினால் ஆற்றல் கூடும்" என்ற நம்பிக்கைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றலை எடுக்கும் செல் சுவாசத்தை ஒற்றைச் சமன்பாடாக மனப்பாடம் செய்ய வைத்ததன் விளைவு இது.

சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாகிச் செல்லுக்குள் வருகிறது. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை எட்டும் முன்பே அது இரண்டாக உடைகிறது. இந்தக் கட்டத்துக்கு ஆக்சிஜன் தேவையே இல்லை. இதில் கிடைக்கும் நிகர வரவு 2 ஏடிபி மூலக்கூறுகள். செல் எந்த வேலைக்கும் செலவழிக்கும் நாணயம் இந்த ஏடிபிதான். அதை 1929இல் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உடைந்த துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரப்ஸ் 1937இல் விளக்கிய சுழற்சியில் சிதைகின்றன. நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் உணவிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை. நீங்கள் மூச்சில் இழுத்த ஆக்சிஜன் அதில் சேர்வதில்லை.

அப்படியானால் இழுத்தது என்ன ஆகிறது? உணவிலிருந்து கழற்றப்பட்ட எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு புரதத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிக்கொண்டே போகின்றன. கடைசியில் அவற்றை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஆக்சிஜன். வாங்கியதும் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடுகிறது. வாங்க ஆளில்லாவிட்டால் வரிசை முழுவதும் நின்றுபோகும். சயனைடு நிமிடங்களில் உயிரைப் பறிப்பது இந்தக் கடைசிக் கைமாற்றத்தைத் தடுப்பதால்தான். ஆனால் களத்துமேட்டில் நெல் வாங்க எத்தனை வியாபாரிகள் வந்து நின்றாலும், விளைந்ததற்கு மேல் ஒரு மரக்கால் கூட வராது.

எலக்ட்ரான்கள் கைமாறும்போது வெளிப்படும் ஆற்றல், புரோட்டான்கள் எனும் ஹைட்ரஜனின் நேர்மின் துகள்களைச் சவ்வின் ஒரு பக்கமாகத் தேக்குகிறது. தேங்கியவை ஒரு புரதத்தின் வழியே பாய்ந்து திரும்பும்போது, மதகில் பாயும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுவதுபோல் அந்தப் புரதம் உண்மையாகவே சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் ஏடிபி உருவாகிறது. 1961இல் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் புரோட்டான் தேக்கம் பற்றிச் சொன்னபோது துறையில் பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இப்படி ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறக்குறைய 30 ஏடிபி கிடைக்கிறது. எந்த நேரத்திலும் உடலில் இருக்கும் ஏடிபி கால் கிலோவுக்கு மேல் இராது. அதையே திரும்பத் திரும்பப் புதுப்பித்து, நாம் ஒரே நாளில் நம் எடையளவு ஏடிபியைச் செலவழிக்கிறோம்.

இந்தத் தேக்கத்தில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடிய சான்று உண்டு. 1930களில் அமெரிக்காவில் டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளை உடல் இளைக்கும் மாத்திரையாக விற்றார்கள். அது புரோட்டான்களைச் சக்கரத்தின் பக்கம் போகவிடாமல் வேறு வழியில் கசியவிடும். விழுங்கியவர்களின் செல்கள் வழக்கத்தைவிட மிகுதியாக ஆக்சிஜனை உறிஞ்சின, கொழுப்பையும் எரித்தன. ஆனால் கிடைத்தது வெப்பம் மட்டுமே. உடல் கொதித்துச் சிலர் இறந்தார்கள், சிலர் கண்ணில் புரை விழுந்து பார்வை இழந்தார்கள். 1938இல் அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அறிவிக்கப்பட்டது. ஆக்சிஜன் மிகுந்தால் ஆற்றல் மிகும் என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை.

உங்கள் தாயாரின் சோர்வுக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினிலும் இரும்பு உண்டு, எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களிலும் உண்டு. மாதவிலக்கு நின்ற வயதில் இரும்பு குறைந்தால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்றும் மருத்துவர் பார்ப்பார். தைராய்டு, சர்க்கரை, இதயம் என வேறு காரணங்களும் இருக்கலாம். படியேறினாலே உட்கார்ந்துவிடுகிறார் என்கிறீர்கள், அதை மாதக்கணக்கில் விட்டுவைத்திருப்பதே தவறு. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனையோடு இசிஜியும் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மூச்சு திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.