இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டால் இரண்டு மடங்கு வேகமா? கேள்வி பதில்

கேம், ரெண்டரிங் (3டி காட்சியைக் கணக்குப் போட்டுப் படமாக்குவது), ஏஐ மாடல் என்று மூன்று பக்கமிருந்தும் இதே சந்தேகம் வந்துகொண்டே இருப்பதால், வந்த கேள்விகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பதில் சொல்கிறேன். ரெண்டரிங் மிஷின் அசெம்பிள் செய்வதுதான் என் தொழில், அந்தப் பக்கம் பேச்சு கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட ஆர்டிஎக்ஸ் 3060 இருக்கு. நண்பன் அவனோட 3060-ஐ குறைஞ்ச விலைக்குத் தர்றேன்னு சொல்றான். ரெண்டையும் போட்டா கேம்ல எஃப்பிஎஸ் டபுள் ஆகுமா?

பதில்: ஆகாது தம்பி. ஒரு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம், வருகிறது என்ற கணக்கு) கூட ஏறாது. 3060-இல் இரண்டு கார்டை இணைக்கும் வசதியே கிடையாது. 30 வரிசையில் 3090-க்கும் 3090 டிஐ-க்கும் மட்டும்தான் அந்தக் கனெக்டரை வைத்தார்கள், அடுத்து வந்த 4090-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இரண்டாவது கார்டைச் செருகினால் விண்டோஸ் காட்டும்தான், ஆனால் கேம் முதல் கார்டில் மட்டுமே ஓடும், மற்றது சும்மா உட்கார்ந்துகொண்டு முதல் கார்டுக்குப் போகிற காற்றை அடைத்துக்கொண்டிருக்கும். இருக்கிற 3060-ஐ விற்றுவிட்டு, நண்பனுக்குத் தர வைத்திருக்கும் பணத்தையும் சேர்த்து ஒரே பெரிய கார்டாக வாங்கிவிடு.

கேள்வி: ஒரு காலத்தில் எஸ்எல்ஐ, கிராஸ்ஃபயர் என்று எல்லாரும் பேசினார்களே, அது ஏன் காணாமல் போனது?

பதில்: நல்ல கேள்வி. இரண்டு கார்டைச் சேர்த்துக் கேம் ஓட்டும் முறைகள்தான் இவை, இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ 2 கார்டுகள் இரண்டைச் சேர்த்தால் திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை இன்னொன்றும் வரையும், அதற்கு எஸ்எல்ஐ என்று பெயர். அந்தக் கம்பெனி நொடித்துப்போய், அதன் தொழில்நுட்பத்தை வாங்கிய என்விடியா 2004-இல் 6800 கார்டுகளோடு எஸ்எல்ஐ என்ற அதே மூன்றெழுத்தை மறுபடி கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஏடிஐ கிராஸ்ஃபயரோடு வந்தது.

இந்த இரண்டாவது சுற்றில் பெரும்பாலும் நடந்தது என்னவென்றால், முதல் ஃபிரேமை ஒரு கார்டு வரையும், அடுத்ததை மற்றது, இப்படி மாற்றி மாற்றி. பெஞ்ச்மார்க் நம்பர் அட்டகாசமாக ஏறும். ஆனால் ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வராது, இரண்டு ஒட்டிக்கொண்டு வரும், அப்புறம் ஒரு இழுவை, அதனால் மூலையில் 60 என்று காட்டினாலும் கண்ணுக்கு வெட்டி வெட்டித் தெரியும். மெமரியும் ஒன்றாகச் சேராது: இரண்டு கார்டும் அதே டெக்ஸ்சர்களைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும் என்பதால் 4 ஜிபியும் 4 ஜிபியும் சேர்ந்தாலும் கேமுக்கு 4 ஜிபிதான்.

கழுத்தை அறுத்தது டிஏஏ மாதிரியான நுட்பங்கள். ஓரங்களை மென்மையாக்க அவை முந்தைய ஃபிரேமை எடுத்துப் பார்க்கும், அந்த ஃபிரேமோ பக்கத்துக் கார்டில் இருக்கும். அதை ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கிடைத்த லாபம் போய்விடும். அப்புறம் டைரக்ட்எக்ஸ் 12 (கேமும் கிராபிக்ஸ் கார்டும் பேசிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் தரும் அமைப்பு) வந்தபோது, இரண்டு கார்டைச் சமாளிக்கிற வேலை டிரைவரிடமிருந்து கேம் எழுதுகிறவர்கள் தலைக்கு மாறியது. ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி என்ற கேம் அதை ஒழுங்காகச் செய்தது, ஒரு ஏஎம்டியும் ஒரு என்விடியாவும் சேர்த்துக்கூட ஓட்டலாம். மற்றவர்கள் பெரும்பாலும் தொடவே இல்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, எத்தனை பேர் வீட்டில் இரண்டு கார்டு இருக்கிறது? 2019-இல் வந்த ஆர்எக்ஸ் 5700-இல் ஏஎம்டி கிராஸ்ஃபயரை விட்டுவிட்டது. 2021 ஜனவரி 1 முதல் என்விடியாவும் புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒரு கேமை இரண்டு கார்டில் ஓட்ட டிரைவரில் சேர்க்கிற அமைப்பு) போடுவதை நிறுத்திவிட்டது.

கேள்வி: பிளெண்டரில் ஆர்க்கிடெக்சர் ரெண்டர் செய்கிறேன். எனக்கும் அதே பதில்தானா சார்?

பதில்: இல்லை சார், உங்களுக்கு நேர் எதிர்ப் பதில். பிளெண்டருக்குள் இருக்கும் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இன்ஜினில் ஒவ்வொரு பிக்சலையும் தனியாகக் கணக்குப் போடலாம், ஒரு கார்டு மற்றதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் குறைவு. ஒரே மாதிரி இரண்டு கார்டு போட்டால் பெரிய சீன்களில் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகும். எஸ்எல்ஐ பாலமெல்லாம் தேவையில்லை, வேறு வேறு மாடலாக இருந்தாலும் ஓடும், ஆனால் இரண்டும் என்விடியா அல்லது இரண்டும் ஏஎம்டி என்று இருக்கட்டும். முக்கியமான விஷயம், சீன் முழுவதும் ஒவ்வொரு கார்டிலும் அடங்க வேண்டும். 24 ஜிபி கார்டு பக்கத்தில் 8 ஜிபி கார்டை வைத்துவிட்டு 20 ஜிபி சீனைக் கொடுத்தால் சின்ன கார்டு எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுவிடும், அந்த நேரத்தில் செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுவதே மேல்.

அனிமேஷன் என்றால் இன்னொரு வழி இருக்கிறது: பிளெண்டரை இரண்டு முறை திறந்து ஆளுக்கொரு கார்டைக் கொடுத்து, ஆளுக்குப் பாதி ஃபிரேம் என்று ஓட விடுங்கள். பிளெண்டரின் இன்னொரு ரெண்டர் இன்ஜினான ஈவீயில் மட்டும் இதை எதிர்பார்க்காதீர்கள், அது ஒரு கார்டோடு சரி.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங், டாவின்சி ரிசால்வ். இரண்டாவது கார்டு வாங்கலாமா?

பதில்: இலவச வெர்ஷனா? விண்டோஸில் அது ஒரு கார்டைத்தான் பயன்படுத்தும். முதலில் ஸ்டுடியோ வெர்ஷன், ரேம், நல்ல எஸ்எஸ்டி. அதற்குப் பிறகும் காசு மிஞ்சினால் பார்க்கலாம்.

கேள்வி: வீட்டிலேயே பெரிய ஏஐ மாடல் ஓட்ட ஆசை. ஒரு 4090-ஆ, இரண்டு 3090-ஆ?

பதில்: இங்கேதான் மெமரி உண்மையிலேயே கூடுகிறது. மாடலின் லேயர்களை (அடுக்குகளை) பிரித்துப் பாதியை இந்தக் கார்டிலும் மீதியை அந்தக் கார்டிலும் வைக்கலாம். 70 பில்லியன் பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்ட மாடலை, எண்ணுக்கு 4 பிட் என்று சுருக்கினாலும் 40 ஜிபி பக்கம் வரும், 4090-இன் 24 ஜிபியில் அடங்காது, இரண்டு 3090-இல் 48 ஜிபி கிடைக்கும், அடங்கும். என் ஓட்டு இரண்டு 3090-க்கு.

ஆனால் வேகம் இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள். மாடல் ஓட்டும் சாஃப்ட்வேரான லாமா.சிபிபி வழக்கமாகப் பிரிக்கிற முறையில் ஒவ்வொரு டோக்கனும் (மாடல் எழுதும் சொல் துண்டு) முதல் கார்டைத் தாண்டித்தான் இரண்டாவதுக்குப் போகும், ஒன்று வேலை செய்யும்போது மற்றது சும்மா நிற்கும். விஎல்எல்எம் என்ற இன்னொரு சாஃப்ட்வேர் மாதிரி ஒரே லேயரையே குறுக்கே வெட்டி இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் ஓட்டினால் வேகமும் கிடைக்கும், அப்போது ஸ்லாட்டின் வேகம் முக்கியம். மேலே 3060 கேட்ட தம்பிக்கு: ஏஐ விளையாட்டு உனக்குப் பிடிக்கும் என்றால் நண்பனிடம் விலை பேசு. 12-உம் 12-உம் 24 ஜிபி, 32 பில்லியன் மாடல் ஒன்றைச் சுருக்கி உள்ளே போடலாம்.

கேள்வி: என் மதர்போர்டில் இரண்டு நீள ஸ்லாட் இருக்கிறது. வேறு என்ன பார்க்கணும்?

பதில்: நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாதாரண பிராசசர்களில் கிராபிக்ஸுக்கென்று 16 லேன் (தகவல் போய்வரும் பாதை) தான். நல்ல போர்டு அதை எட்டு எட்டாகப் பிரித்துக் கொடுக்கும், விலை குறைந்த போர்டில் கீழ் ஸ்லாட் சிப்செட் வழியாக நான்கு லேனோடு நிற்கும். போர்டின் மேனுவலில் போட்டிருப்பார்கள். ரெண்டரிங்குக்கு நான்கே போதும், சீன் ஒருமுறை ஏறிவிட்டால் அப்புறம் பெரிதாகப் போக்குவரத்து இல்லை.

கரண்ட் கதை வேறு. 3090 ஒன்று 350 வாட், இரண்டு என்றால் 700, பிராசசரும் மற்றதும் சேர்த்து 1200 வாட்டுக்குக் குறைவான எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வேண்டாம். 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு மானிட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் தொங்கவிடாமல் 16 ஆம்பியர் பாயிண்ட் இழுத்துக்கொள்ளுங்கள். 600 விஏ யுபிஎஸ் இதைத் தாங்காது. கார்டுகள் மட்டும் எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 5.6 யூனிட், அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி ஓடுவது தனிக் கணக்கு. மூன்று ஸ்லாட் தடிமன் கார்டு இரண்டைச் சின்ன கேபினட்டில் அடுக்கினால் மேல் கார்டு வெந்துவிடும், அதையும் அளந்து பாருங்கள்.

கேள்வி: டிரேடிங்குக்கு நான்கு மானிட்டர். இரண்டு கார்டு வேண்டுமா?

பதில்: வேண்டாம். நான்கு அவுட்புட் உள்ள ஒரே கார்டு போதும். ஆறு மானிட்டர் என்றால் விலை குறைந்த இன்னொன்று.

கேள்வி: லேப்டாப்பில் இன்டெல்லும் ஆர்டிஎக்ஸும் காட்டுதே, ரெண்டும் சேர்ந்து ஓடுதா?

பதில்: இல்லை, சேர்ந்து வரைவதில்லை. சாதாரண வேலைக்கு இன்டெல், கனமான வேலைக்கு ஆர்டிஎக்ஸ், பேட்டரி மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது.

கேள்வி: லாஸ்லெஸ் ஸ்கேலிங்னு ஒரு சாஃப்ட்வேர்ல பழைய கார்டையும் சேர்த்துக் கேம் ஆடறாங்களே?

பதில்: ஆமாம், கேமில் இரண்டாவது கார்டுக்கு இன்று மிஞ்சியிருக்கிற ஒரு வேலை. பெரிய கார்டு கேமை ஓட்டும், பழையது நடுவில் செயற்கை ஃபிரேம்களைச் செருகும், மானிட்டர் கேபிளை அந்தப் பழைய கார்டில் மாட்ட வேண்டும். படம் வழவழப்பாகத் தெரியும், ஆனால் மவுஸ் அசைத்ததற்கும் திரையில் தெரிவதற்கும் உள்ள தாமதம் குறையாது, அதனால் வேலரன்ட் மாதிரி வேகமாகச் சுடுகிற கேமுக்குப் பிரயோஜனம் இல்லை. அலமாரியில் பழைய கார்டு கிடந்தால் மாட்டிப் பாருங்கள், இதற்காகக் காசு கொடுத்து ஒன்றை வாங்காதீர்கள்.